சருகும் அளவும்: அல்சூர்த் தோட்டப் பாத்திகளுக்கான மூடாக்கு

பெங்களூரு நகரில் ஏரியை ஒட்டி வளர்ந்த அல்சூரில், ஆண்டின் மிக வறண்ட மாதங்களும் பல மரங்கள் இலை உதிர்க்கும் மாதங்களும் ஒன்றாகவே வருகின்றன. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ள இந்நகரம் ஆண்டுக்குச் சராசரியாக 970 மி.மீ. அளவில் மழை பெறுகிறது என்றாலும், ஜனவரி, பிப்ரவரி, மார்ச் ஆகிய மூன்று மாதங்களுக்கும் சேர்த்துக் கிடைப்பது ஏறத்தாழ 25 மி.மீ. மட்டுமே; செப்டம்பர் ஒரு மாதத்தில் பெய்வது இதைப் போலப் பல மடங்கு. நீர் குறையும் பருவத்தில் இலைகளின் வழியே வெளியேறும் ஈரத்தைக் குறைத்துக்கொள்வதற்காகவே தூங்குமூஞ்சி, புங்கம், பெருங்கொன்றை போன்ற சாலையோர மரங்கள் அப்போது இலைகளைக் கழிக்கின்றன. காட்டில் அந்தச் சருகு விழுந்த இடத்திலேயே தங்கி, வேருக்கு மேலுள்ள மண்ணைக் கோடை முழுவதும் மூடிக் காக்கிறது. நகரத்திலோ அது பெருக்கப்பட்டு, மூட்டையாகக் கட்டப்பட்டுக் குப்பை வண்டியில் ஏற்றப்படுகிறது, சில இடங்களில் தெருவோரத்திலேயே எரிக்கப்படுகிறது. அதே வாரங்களில் தோட்டம் வைத்திருப்போர் நர்சரிகளுக்குச் சென்று பாத்திகளை மூடுவதற்கான பொருளை விலைக்கு வாங்குகின்றனர். ஒரு தோட்டத்துக்கு எவ்வளவு மூடாக்கு தேவை, அதில் எவ்வளவு இலவசமாகக் கிடைக்கும், எஞ்சியதை எப்படிப் பார்த்து வாங்குவது என்பவை எளிய கணக்கினால் விடை காணக்கூடிய கேள்விகளே.

மண்ணின் மேற்பரப்பைச் சருகு, வைக்கோல், மரச்சீவல், தேங்காய் நார்க்கழிவு போன்ற பொருள்களில் ஏதேனும் ஒன்றால் மூடி வைப்பதே மூடாக்கு. தொழுவுரமும் மட்கு உரமும் மண்ணோடு கலக்கப்படுபவை. மூடாக்கு மண்ணின் மேலேயே கிடப்பது. தமிழ்நாட்டில் இயற்கை வேளாண்மையைப் பரப்பிய கோ. நம்மாழ்வார் (1938–2013) இந்த முறையை உழவர்களிடையே இடைவிடாது வலியுறுத்தினார். கர்நாடகத்திலும் பல உழவர்கள் பின்பற்றும் சுபாஷ் பாலேக்கரின் வேளாண்மை முறையில், மூடாக்கைக் குறிக்கும் ‘ஆச்சாதனம்’ நான்கு தூண்களுள் ஒன்றாக இடம்பெறுகிறது. வயலுக்குச் சொல்லப்பட்ட இந்த முறை நகரத்து வீட்டுப் பாத்திக்கும் அப்படியே பொருந்துகிறது. சொல்லப்போனால், தண்ணீரை விலை கொடுத்து வாங்கும் நகரத்தில் அதன் தேவை இன்னும் கூடுதலானது.

மூடாக்கு நீரைக் காக்கும் விதம்

ஈரமான மண்ணிலிருந்து நீர் ஆவியாவது இரண்டு கட்டங்களாக நிகழ்கிறது. மேற்பரப்பு நனைந்திருக்கும் முதல் கட்டத்தில், எவ்வளவு நீர் ஆவியாகும் என்பதை வெயிலும் காற்றின் வேகமும் காற்றிலுள்ள ஈரப்பதமுமே தீர்மானிக்கின்றன. மேற்பரப்பு உலர்ந்த பிறகு தொடங்கும் இரண்டாம் கட்டத்தில், அடிமண்ணின் நீர் மண் துகள்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளின் வழியே எவ்வளவு வேகத்தில் மேலே வர முடிகிறது என்பதே இழப்பின் அளவை முடிவு செய்கிறது. நீர் இவ்வாறு குறுகிய இடைவெளிகளில் தானாகவே மேலேறுவதை நுண்புழை ஏற்றம் என்பர். நாள்தோறும் நீர் ஊற்றப்படும் வீட்டுப் பாத்தி ஒவ்வொரு நாளும் முதல் கட்டத்துக்கே திரும்பிச் செல்வதால், ஊற்றிய நீரில் கணிசமான பகுதி செடிக்குப் பயன்படாமலே காற்றில் கலந்துவிடுகிறது.

இந்த இழப்பைக் கணக்கிடுவது எளிது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் நீரின் அளவு சரியாக ஒரு லிட்டர். மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெங்களூரில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 5 மி.மீ.க்குக் குறையாமல் நீர் ஆவியாகிறது. நனைந்த மண்ணும் அந்த நிலையில் ஏறத்தாழ அதே அளவை இழப்பதால், 10 சதுர மீட்டர் கொண்ட வெறும் பாத்தி ஈரமாக இருக்கும் ஒவ்வொரு நாளும் 50 லிட்டர் வரை, அதாவது இரண்டரைக் குடிநீர்க் கேன் அளவு நீரை, காற்றுக்குக் கொடுத்துவிடக்கூடும்.

மூடாக்கு இதை மூன்று வழிகளில் தடுக்கிறது. முதலாவதாக, வெயில் நேரடியாக மண்ணில் படாமல் மேலேயே நின்றுவிடுவதால், நீரை ஆவியாக்கத் தேவையான வெப்பம் மண்ணை எட்டுவதில்லை. இரண்டாவதாக, சருகுகளுக்கு இடையிலுள்ள இடைவெளிகள் மண்ணின் இடைவெளிகளைவிட மிகப் பெரியவை என்பதால், நுண்புழை ஏற்றம் மண்ணின் மேற்பரப்போடு அறுந்துபோகிறது. நீர் திரவமாக மேலும் ஏற முடிவதில்லை. மூன்றாவதாக, சருகுக்குள் அடைபட்டிருக்கும் அசையாத காற்றின் வழியே நீராவி மெல்ல மெல்லப் பரவித்தான் வெளியேற வேண்டும் என்பதால், அடுக்கு தடிக்கத் தடிக்க வெளியேற்றம் குறைகிறது. ஆனால் இந்தக் குறைவு ஒரே சீராக இருப்பதில்லை. வெறும் மண்ணின் மீது போடப்படும் முதல் அங்குலம் தரும் பயன் மிகப் பெரியது. நான்கு அங்குலத்துக்கு மேல் ஐந்தாவதாகச் சேர்க்கும் அங்குலம் தரும் கூடுதல் பயன் மிகச் சிறியது. தேவைக்கு மேல் வாங்குவது வீண் என்பதற்கான அறிவியல் காரணம் இதுதான்.

அல்சூருக்கு இந்தச் சேமிப்பு வெறும் சிக்கனமாக மட்டும் நின்றுவிடுவதில்லை. பெங்களூருக்கு வரும் காவிரி நீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, பல நூறு மீட்டர் உயரத்துக்கு மின்சாரத்தால் ஏற்றிக் கொண்டுவரப்படுவது. 2024 மார்ச் மாதத்தில் நகரம் கடும் தட்டுப்பாட்டைச் சந்தித்தபோது, தோட்டத்துக்கும் வாகனம் கழுவுவதற்கும் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது என்று பெங்களூரு குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீர் அகற்றல் வாரியம் தடை விதித்து, மீறுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் அறிவித்தது. சமையலறையில் அரிசி, காய்கறி கழுவிய நீரைக் கொண்டே பாத்தியை உயிரோடு வைத்திருக்க வேண்டிய அத்தகைய கோடையில், மூடப்பட்ட மண்ணுக்கும் வெறும் மண்ணுக்கும் உள்ள வேறுபாடு செடி பிழைப்பதற்கும் காய்வதற்கும் உள்ள வேறுபாடாகவே ஆகிவிடுகிறது.

மழையும் களையும்

கோடையில் நீரைக் காக்கும் அதே அடுக்கு, மழை வந்ததும் மண்ணையே காக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் இடியோடு பெய்யும் கோடை மழையின் பெரிய துளிகள் நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் தரையில் மோதுகின்றன. பெங்களூரின் செம்மண் இத்தகைய மோதலில் எளிதில் சிதறக்கூடியது. சிதறிய நுண்துகள்கள் மேற்பரப்பின் துளைகளை அடைத்துக்கொண்டு காய்ந்ததும் கெட்டியான மேலோடாக இறுகிவிடுவதால், அடுத்த மழை மண்ணுக்குள் இறங்காமல் வழிந்தோடி, வளமான மேல்மண்ணையும் அடித்துக்கொண்டு சாக்கடை வழியே தாழ்வான இடத்தையும் ஏரியையும் நோக்கிச் செல்கிறது. மூடாக்கு துளியின் வேகத்தைத் தன் மீதே வாங்கிக்கொள்கிறது. கீழே சொட்டும் நீர் மேலோட்டை உண்டாக்காமல் மண்ணுக்குள் இறங்குகிறது.

களைகளைப் பொறுத்தவரை மூடாக்கின் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. பார்த்தீனியம் போன்ற களைகளின் விதைகள் மிகச் சிறியவை; மேற்பரப்பில் கிடந்தால்தான் அவை முளைத்து வெற்றி பெறுகின்றன. இரண்டு மூன்று அங்குல அடுக்கின் இருளில் அத்தகைய விதைகள் முளைப்பதில்லை; முளைத்தாலும் விதையிலுள்ள சொற்ப உணவு தீர்வதற்குள் ஒளியை எட்டுவதில்லை. ஆனால் கோரை, அருகு போன்றவை மண்ணுக்கடியில் கிழங்காகவும் வேர்த்தண்டாகவும் உணவைச் சேர்த்து வைத்திருப்பதால், எவ்வளவு தடிமனான அடுக்கையும் துளைத்துக்கொண்டு வந்துவிடுகின்றன. அவற்றைத் தோண்டி எடுத்துவிட்டுத்தான் மூட வேண்டும்; மேலும் மேலும் மூடாக்கைக் கொட்டுவதால் அவை அடங்குவதில்லை.

எவ்வளவு தேவை: பரப்பும் உயரமும்

மூடாக்கின் அளவைக் கணக்கிட இரண்டே அளவுகள் போதும்: மூட வேண்டிய பரப்பும், அடுக்கு படிந்த பின் இருக்க வேண்டிய உயரமும். மெட்ரிக் அளவில் கணக்கிடுவோர், ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு ஒரு சென்டிமீட்டர் உயரம் என்றால் 10 லிட்டர் என்பதை நினைவில் வைத்தால் போதும். பெங்களூரில் மனையை அடியில் அளப்பதே வழக்கம் என்பதால், ஒரு சதுர அடிக்கு மூன்று அங்குல உயரம் என்றால் சுமார் 7 லிட்டர் என்பது அதைவிடப் பயனுள்ள கணக்கு. ஒரு கன அடி 28.3 லிட்டர், மூன்று அங்குலம் என்பது கால் அடி, ஆகவே அதில் கால் பங்கு.

உயரம் பொருளைப் பொறுத்தும் செடியைப் பொறுத்தும் மாறும். மரச்சீவல், தேங்காய் மட்டைத் துண்டு போன்ற பருமனான பொருள்களை மூன்று அங்குலம் முதல் நான்கு அங்குலம் வரை போடலாம்; அவற்றின் பெரிய இடைவெளிகள் வழியே மழையும் காற்றும் தடையின்றி இறங்கும். மரத்தூள், நார்த்தூள் போன்ற நுண்ணிய பொருள்கள் நீரை உறிஞ்சித் தாமே வைத்துக்கொள்வதாலும், இறுகினால் வேருக்குச் செல்லும் காற்றைத் தடுப்பதாலும், வீட்டுப் பாத்திகளில் இரண்டு அங்குலத்துக்கு மேல் தேவையில்லை. கத்தரி, தக்காளி நாற்றுகளைச் சுற்றி முதலில் ஓர் அங்குலம் போட்டு, தண்டு உயர உயரக் கூட்டிக்கொள்வதே சரி.

எடுத்துக்காட்டாக, நாற்பதுக்கு அறுபது அடி மனையில் கட்டிய வீட்டின் இருபுறமும் 20 அடி நீளம், 4 அடி அகலம் கொண்ட இரண்டு பாத்திகளும், பின்புறம் ஒரு கொய்யா மரமும் இருப்பதாகக் கொள்ளலாம். பாத்திகளின் பரப்பு 160 சதுர அடி. மரத்தைச் சுற்றி மூன்று அடி ஆரத்துக்கு மூடினால் அந்த வட்டத்தின் பரப்பு சுமார் 28 சதுர அடி. தண்டை ஒட்டி அரை அடி ஆரத்துக்கு இடம் விட வேண்டும் என்பதால் அதில் ஏறத்தாழ ஒரு சதுர அடி குறையும். மொத்தம் 187 சதுர அடி. மூன்று அங்குல உயரத்துக்கு, சதுர அடிக்கு 7 லிட்டர் வீதம், ஏறத்தாழ 1,300 லிட்டர் மூடாக்கு தேவைப்படும்.

இது படிந்த பின் இருக்க வேண்டிய அளவு என்பதை மறக்கக் கூடாது. உலர்ந்த சருகு ஒன்றிரண்டு மழையிலேயே பாதியாக அமுங்கிவிடும் என்பதால், அதை ஆறு அங்குலம் உயரத்துக்குப் பரப்பினால்தான் மூன்று அங்குலம் நிலைக்கும். எனவே சருகாகச் சேர்ப்பவருக்கு 2,600 லிட்டர், அதாவது நூறு லிட்டர் கொள்ளும் பெரிய சாக்கில் 26 சாக்கு வேண்டும். மரச்சீவல் அவ்வளவு அமுங்காது என்பதால் 1,300 லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வாங்கினால் போதும்.

இந்தக் கணக்கு வயலுக்கும் பொருந்தும் என்பதற்குத் தென்னை நல்ல சான்று. மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டப்பாத்தியில், குவிந்த பக்கம் மேலே இருக்குமாறு 100 மட்டைகளையோ, 15 காய்ந்த ஓலைகளையோ, 10 செ.மீ. உயரத்துக்கு நார்க்கழிவையோ பரப்பலாம் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அந்த வட்டத்தின் பரப்பு 10.2 சதுர மீட்டர்; ஆகவே நார்க்கழிவாகப் போட்டால் மரத்துக்கு ஏறத்தாழ 1,000 லிட்டர், ஒரு கன மீட்டர், தேவைப்படுகிறது. மட்டையின் குவிந்த பக்கத்தை மேலே வைப்பதில் நகரவாசிக்கு இன்னொரு நன்மையும் உண்டு: அதன் குழியில் மழைநீர் தேங்கிக் கொசு பெருக வழியில்லாமல் போகிறது.

கிலோவா, லிட்டரா?

மூடாக்கு இடத்தை மூடுவதற்கான பொருள் என்பதால், அதன் கன அளவே வாங்குபவருக்கு முக்கியம். ஆனால் கடைகளில் பெரும்பாலும் அது எடையாலோ மூட்டையாலோ விற்கப்படுகிறது. அண்மையில் அரைத்த ஈர மரச்சீவலின் எடையில் பாதி வரை நீராக இருக்கக்கூடும் என்பதால், கிலோ கணக்கில் வாங்குபவர் நீருக்கும் விலை கொடுக்கிறார். மேற்பகுதி வெட்டப்பட்ட பழைய இருபது லிட்டர் குடிநீர்க் கேன் ஒன்றில் பொருளைத் தளர்வாக நிரப்பி எடை பார்த்து, அதை இருபதால் வகுத்தால், ஒரு லிட்டரின் எடை கிடைத்துவிடும். கேட்கும் விலையை அதைக் கொண்டு லிட்டர் விலையாக மாற்றினால், எந்தப் பொருள் மலிவு என்பது உடனே தெளிவாகும். உலர்ந்த மரச்சீவல் ஒரு கன மீட்டருக்குப் பெரும்பாலும் 200 முதல் 300 கிலோ வரை எடை கொண்டது; உலர்ந்த சருகோ அதில் ஒரு சிறு பங்குதான்.

நர்சரிகளில் எளிதாகக் கிடைப்பது கோகோபீட் எனப்படும் நார்க்கழிவுக் கட்டி. அழுத்திச் செய்த 5 கிலோ கட்டி, நீரில் ஊறினால் சுமார் 70 லிட்டராக விரியும். மேலே கண்ட தோட்டத்தை அதைக் கொண்டே இரண்டு அங்குல உயரத்துக்கு மூட வேண்டுமானாலும் 13 கட்டிகள் வாங்க வேண்டியிருக்கும். உவர்நீரில் ஊறவைத்த மட்டையிலிருந்து வந்த நார்க்கழிவில் உப்பு தங்கியிருக்கும் என்பதால், நீரில் அலசப்பட்டதா என்று கேட்டு வாங்குவது அவசியம். தனியாகப் போட்டால் கோடைக் காற்றில் பறக்கக்கூடியது என்பதால், நார்க்கழிவின் மேல் சருகையோ மட்டைத் துண்டையோ பரப்புவது நல்லது.

இன்னும் பல பொருள்கள் விலையின்றியோ சொற்ப விலையிலோ கிடைப்பவை. இளநீர்க் கடைகளில் குவியும் மட்டை, கரும்புச்சாறு கடைகளின் சக்கை, தச்சுப் பட்டறையின் இழைப்புச் சீவல், மரக்கிளை கழிக்கும்போது கிடைக்கும் அரைத்த துண்டுகள் ஆகிய அனைத்தும் மூடாக்காகும். சக்கையில் இனிப்பு எஞ்சியிருந்தால் எறும்பு மொய்க்கும் என்பதால் அதை வெயிலில் காயவைத்துப் போட வேண்டும். பிளைவுட்டின் தூளும், வண்ணமோ பூச்சி மருந்தோ பூசிய மரத்தின் தூளும் காய்கறிப் பாத்திக்கு ஆகாதவை. வைக்கோலும் கேழ்வரகுத் தாளும் மிக நல்ல மூடாக்குகள் என்றாலும் அவை மாட்டுத் தீவனம். நகரத்துப் பூச்செடிக்காக அவற்றை வாங்குவதைவிடச் சருகைப் பயன்படுத்துவதே பொறுப்பான செயல்.

பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது கரிம–தழைச்சத்து விகிதத்தையும் கருத வேண்டும். ஒரு பொருளில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு எத்தனை பங்கு கார்பன் உள்ளது என்பதே அந்த விகிதம். மட்கச் செய்யும் நுண்ணுயிர்களின் உடலில் இது ஏறத்தாழ 8க்கு 1. ஆனால் அவை உண்ணும் கார்பனில் மூன்றில் இரண்டு பங்கை மூச்சாக வெளியேற்றிவிடுவதால், அவற்றின் உணவில் 24க்கு 1 என்ற விகிதம் தேவைப்படுகிறது. வைக்கோலில் 80 அளவிலும், நார்க்கழிவில் 100க்கு மேலும், மரத்தூளில் பல நூறாகவும் இந்த விகிதம் இருப்பதால், அவற்றை மண்ணோடு கலந்தால் நுண்ணுயிர்கள் பற்றாக்குறையை ஈடுகட்ட மண்ணிலுள்ள நைட்ரஜனை இழுத்துக்கொள்ள, செடி மஞ்சளிக்கிறது. மேற்பரப்பில் மட்டும் கிடக்கும்போது இந்தப் போட்டி மண்ணும் மூடாக்கும் தொடும் மெல்லிய எல்லையோடு நின்றுவிடுகிறது. மரச்சீவலைப் பரப்பலாம், கொத்திக் கலக்கக் கூடாது என்ற விதியின் அடிப்படை இதுவே. தூங்குமூஞ்சியும் புங்கமும் பெருங்கொன்றையும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நைட்ரஜன் ஒப்பீட்டளவில் மிகுதியான அவற்றின் சிற்றிலைகள் விரைவில் மட்கிப் பாத்திக்கு உரமாகவும் ஆகின்றன. தைல மரத்தின் பச்சை இலைகளில் பிற செடிகளின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்கள் உள்ளதால், அவற்றைத் தனியே மட்கவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

பரப்பும் முறையும் பருவமும்

உலர்ந்த அடுக்கு, தூறலாகப் பெய்யும் சில மில்லிமீட்டர் மழையைத் தானே உறிஞ்சிவிடும் என்பதால், காய்ந்த மண்ணின் மேல் மூடாக்குப் போட்டால் மண் காய்ந்தபடியே இருக்கும். முதலில் களையெடுத்து, பாத்தியை ஆழமாக நனைத்து, சொட்டுநீர்க் குழாய் இருந்தால் அதை மண்ணின் மீது கிடத்தி, அதன் மேலேயே மூட வேண்டும். தண்டை ஒட்டிக் குவித்தால் பட்டை எப்போதும் ஈரமாக இருந்து பூஞ்சையால் அழுகும். செடிக்கு ஓரிரு அங்குலமும் மரத்துக்கு அரை அடியும் இடைவெளி தேவை. ஈரத்தோடு மூட்டையில் கட்டிக் கிடந்த மரச்சீவல் காற்றில்லாமல் புளித்துக் காடி வாடை வீசினால், சில நாள் விரித்து ஆறவிட்டுப் போட வேண்டும். உலர்ந்த பொருள் கறையானை ஈர்க்கும் என்பதால், கதவு நிலை, மரத்தூண் ஆகியவற்றுக்கு அருகில் மூடாக்கைச் சேர்க்காமல் இருப்பதே பாதுகாப்பு.

பிப்ரவரியில் போட்ட சருகு ஜூன் மாத மழை வரும்போது பெரும்பாலும் மட்கிக் குறைந்திருக்கும். இந்தக் குறைவு தோட்டத்துக்கு ஏற்றதே. ஏனெனில், மழைக்காலத்தில் தடிமனான ஈர அடுக்கு நத்தைகளுக்கு, அதிலும் பெங்களூரில் பெருகியுள்ள ஆப்பிரிக்க ராட்சத நத்தைக்கு, நல்ல மறைவிடமாகிவிடுகிறது. மழை ஓய்ந்து நவம்பர் கடந்த பிறகு மீண்டும் கூட்டத் தொடங்கி, பிப்ரவரியில் முழு உயரத்துக்குக் கொண்டுவருவதே இந்த ஊரின் மழைக்கு ஏற்ற சுழற்சி. மரச்சீவல் ஓர் ஆண்டுக்கு மேலும் தாங்குவதால், அடுத்த ஆண்டு எஞ்சியிருக்கும் உயரத்தை அளந்து, குறைந்ததை மட்டும் வாங்கினால் போதும். ஒவ்வோர் ஆண்டும் முழு அளவையும் வாங்குவது தேவையற்ற செலவு.

சருகைத் தெருவில் எரிப்பது சட்டப்படியும் குற்றமே. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் திறந்த வெளியில் குப்பை எரிப்பதைத் தடை செய்தன. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதற்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் அபராதம் விதித்தது. எரியும் ஒவ்வொரு குவியலும் அக்கம்பக்கத்து மூச்சுக்குப் புகையாகவும் மண்ணுக்கு இழப்பாகவும் ஆகிறது. ஆகவே அல்சூரிலும் அதைப் போன்ற மரங்கள் நிறைந்த பகுதிகளிலும் வாழ்வோர் பின்பற்ற வேண்டிய வரிசை தெளிவானது: முதலில் பாத்தியை அளந்து தேவையான லிட்டரைக் கணக்கிட வேண்டும், பிறகு தம் வாசலில் விழும் சருகையும் அண்டை வீட்டார் பெருக்கி ஒதுக்கும் சருகையும் சாக்குகளில் சேர்த்து வைக்க வேண்டும், அதன் பிறகும் குறைவது எவ்வளவோ அதை மட்டுமே கடையில் வாங்க வேண்டும். இருபத்தாறு சாக்குச் சருகு குப்பை வண்டிக்குச் செல்வதற்குப் பதில் ஒரு வீட்டுப் பாத்திக்குச் சென்றால், அந்த வீட்டின் தண்ணீர்த் தேவையும் தெருவின் குப்பையும் ஒரே செயலால் குறையும். வரும் பிப்ரவரியில் அதை ஒவ்வொரு வீடும் செய்ய முன்வர வேண்டும்.